மார்பில் ஒரு கட்டி தெரிந்தால்: யாழ்ப்பாணத்தில் எங்கே போவது, என்ன செய்வார்கள்

ஒக்டோபர் மாதம் வந்தால் யாழ்ப்பாணத்திலும் இளஞ்சிவப்பு ரிப்பன்கள் தெரியத் தொடங்கிவிடும். நடைபவனி, பதாகை, கருத்தரங்கு எல்லாம் நடக்கும். "மார்பகப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டறியுங்கள்" என்று எழுதியிருக்கும். நல்ல விஷயம்தான். ஆனால் அதைப் படித்துவிட்டு வீட்டுக்கு வரும் ஒரு பெண்ணுக்கு, நாளைக்குக் காலையில் எந்த இடத்துக்குப் போவது, அங்கே யார் பார்ப்பார்கள், ஊசி குத்துவார்களா, எவ்வளவு காசு முடியும் என்று தெரியாது. தெரியாததால் தள்ளிப்போடுகிறார். இதுவரை ஒரு கிளினிக்குக்கும் போகாத அப்படிப்பட்டவரை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இலங்கைப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் இதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022 இல் உலகம் முழுவதும் 23 இலட்சம் பெண்களுக்கு இது கண்டறியப்பட்டது. 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள். இந்த நோய் வருபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பெண்ணாக இருந்ததையும் வயது ஏறியதையும் தவிர வேறு காரணம் எதுவும் சொல்ல முடியாது. "எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் இல்லை" என்று சொல்லி நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பரம்பரையாக வரும் மரபணு மாற்றத்தால் ஏற்படுவது நூற்றில் ஐந்து முதல் பத்து வரைதான்.

எதைக் காட்ட வேண்டும்?

நோகிற கட்டிக்குப் பயந்து டொக்டரிடம் ஓடுகிறோம், நோகாத கட்டியை விட்டுவிடுகிறோம். நம் ஊரில் பிந்திப் போகிற பலரிடம் கேட்டால் வரும் பதில், "எனக்கு ஒண்டும் நோகேல்லைப் பிள்ளை." ஆனால் மார்பகப் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் ஆரம்பத்தில் நோகாது. மாதவிடாய்க்கு முந்தின நாட்களில் இரண்டு மார்பும் கனத்து நோவது ஹோர்மோனால் வருவது. அது மட்டும் இருந்தால் புற்றுநோயாக இருப்பது அரிது. நோகாமல், கெட்டியாக, ஒரே இடத்தில் இருக்கும் கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

கட்டியே இல்லாமலும் அறிகுறி வரலாம். முலைக்காம்பு புதிதாக உள்ளே இழுபட்டிருப்பது, ஒரு பக்கக் காம்பிலிருந்து தானாக இரத்தமோ நீரோ கசிவது, காம்பைச் சுற்றி ஆறாத சொறி, ஒரு மார்பு மட்டும் அளவோ வடிவமோ மாறுவது, அக்குளில் கட்டி, தோல் தோடம்பழத் தோல் மாதிரிக் குழிகுழியாகத் தடிப்பது, எல்லாம் காட்ட வேண்டியவை. சொறியைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். பாமசியில் களிம்பு வாங்கிப் பூசி மாதக்கணக்கில் இருப்பார்கள். ஒரு பக்கக் காம்பில் மட்டும் வந்து, இரண்டு மூன்று கிழமையில் ஆறாத சொறி தோல் வருத்தமாகத்தான் இருக்கும் என்று நினைத்து விடக்கூடாது.

இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: டொக்டரிடம் காட்டப்படும் மார்புக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. இளம் பெண்களுக்கு வழுக்கிக்கொண்டு நகரும் நார்க்கட்டி, நடுத்தர வயதில் நீர்க்கட்டி என்று ஆபத்தில்லாத வகைகள் பல. எது எந்த வகை என்று விரலால் முடிவுசெய்ய உங்களாலும் முடியாது, பக்கத்து வீட்டு அன்ரியாலும் முடியாது.

பால் கொடுக்கும் தாய்மாருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. எந்தக் கட்டி வந்தாலும் "பால் கட்டியிருக்குது" என்று முடிந்துவிடும். அநேகமாக அது உண்மையாகவும் இருக்கும். மார்பு சிவந்து, காய்ச்சலும் வந்தால் கிருமித்தொற்று என்று டொக்டர் மருந்து கொடுப்பார். மருந்து முடிந்தும் சிவப்போ கட்டியோ போகவில்லையென்றால் திரும்பப் போய் ஸ்கான் கேளுங்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கான் கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் பாதுகாப்பானது. அதற்காகப் பாலை நிறுத்தத் தேவையில்லை.

வீட்டில் பார்ப்பது

20 வயதிலிருந்து மாதம் ஒருமுறை தன் மார்பைத் தானே பார்க்கச் சொல்வது இலங்கையில் வழக்கம். மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து 7 முதல் 10 நாட்களுக்குள் பாருங்கள். அப்போது மார்பு மென்மையாக இருக்கும். மாதவிடாய் நின்றவர்களும் கர்ப்பிணிகளும் ஒவ்வொரு மாதமும் ஒரே திகதியைப் பிடித்துக்கொள்ளலாம். திகதி நினைவில் நிற்காதென்றால் பூரணை விடுமுறை நாளைப் பிடியுங்கள்.

முதலில் கண்ணாடி முன் கைகளைத் தொங்கவிட்டு, பிறகு தலைக்கு மேல் தூக்கி, பிறகு இடுப்பில் ஊன்றி அழுத்திப் பாருங்கள். தோல் எங்காவது உள்ளே இழுபடுகிறதா என்பது கை தூக்கும்போதுதான் தெரியும். அடுத்ததாகப் படுத்துக்கொண்டு, பார்க்கும் பக்கத் தோளுக்குக் கீழே சின்னத் தலையணை வைத்து, மறுகையின் நடு மூன்று விரல்களின் தட்டையான பகுதியால் சிறுவட்டங்களாகத் தடவுங்கள். நுனியால் கிள்ளிப் பார்த்தால் எல்லாம் கட்டி மாதிரித்தான் தெரியும். முதலில் மெல்ல, பிறகு கொஞ்சம் அழுத்தி, பிறகு விலா எலும்பு தெரியும்வரை அழுத்தி. காறை எலும்பிலிருந்து மார்புக்குக் கீழ்மடிப்பு வரை, நடு நெஞ்சிலிருந்து அக்குள் வரை. அக்குளை விட்டுவிட வேண்டாம். படுத்துப் பார்க்க வீட்டில் தனியிடம் இல்லாதவர்கள் குளிக்கும்போது சவர்க்கார நுரையோடு பார்க்கலாம்.

இதை அளவுக்கு மேல் நம்பவும் வேண்டாம். சீனாவின் ஷாங்காய் நகரில் நெசவாலைகளில் வேலைசெய்த 2 இலட்சத்து 66 ஆயிரம் பெண்களை வைத்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2002 இல் வந்தது. சுயபரிசோதனையைக் கற்றுக்கொடுத்ததால் மட்டும் இறப்பு குறையவில்லை. ஆகவே மாதாமாதம் சோதனை எழுதுவது போலப் பதற்றப்பட்டுச் செய்யத் தேவையில்லை. உங்கள் மார்பு சாதாரணமாக எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்; மாற்றம் வந்த மாதம் அது பிடிபடும். பிடிபட்டபின் போகாமல் இருந்தால் பார்த்ததில் பயனில்லை.

ஒன்றும் இல்லாதபோது போக வேண்டிய இடம்

எம்.ஓ.எச் ஒபிஸ் என்று நாம் சொல்லும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை உங்கள் பகுதிக்கும் ஒன்று இருக்கும். தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன இடம்தான். அந்தப் பணிமனைகள் சுகவனிதையர் கிளினிக் நடத்துகின்றன. 'வெல் வுமன் கிளினிக்' என்றாலும் விளங்கும். 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கானது, காசு இல்லை. நிறை, பிரஷர், சீனி பார்ப்பார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனை செய்வார்கள். மார்பையும் கையால் பார்ப்பார்கள்.

என்றைக்கு நடக்கிறது என்று உங்கள் பகுதி குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கர்ப்பமாக இருந்தபோது வீட்டுக்கு வந்து பார்த்த அந்த மிட்வைஃப்தான். பிள்ளைகள் வளர்ந்தபின் அவரோடு நமக்குத் தொடர்பு விட்டுப்போகிறது. வருத்தம் வரத் தொடங்கும் வயதில் சுகாதாரச் சேவையோடு இருந்த ஒரே கயிற்றை அறுத்துக்கொள்கிறோம் என்பது என் கருத்து.

"கையால பார்த்து என்ன தெரியப்போகுது, மெஷினில எல்லோ பார்க்கோணும்" என்று நினைப்பவர்கள் உண்டு. 1998 இல் மும்பையின் ஏழைக் குடியிருப்புகளில் ஒன்றரை இலட்சம் பெண்களை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். ஒரு பகுதியினரின் மார்பை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் கையால் பார்த்தார்கள். பார்த்தவர்கள் டொக்டர்கள்கூட இல்லை. 20 வருடம் கழித்து 2021 இல் முடிவு வெளியானது. கையால் பார்க்கப்பட்டவர்களில் நோய் முந்திய கட்டத்திலேயே பிடிபட்டது. 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் இறப்பு கிட்டத்தட்ட 30 வீதம் குறைந்தது. அதற்குக் குறைந்த வயதினரில் அந்தப் பலன் தெரியவில்லை. எல்லாப் பெண்களுக்கும் ஒழுங்காக மமோகிராம் எடுக்கும் தேசியத் திட்டம் இல்லாத நம் நாட்டில், பழகிய ஒரு கை நம் மார்பைப் பார்ப்பது எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். 20 முதல் 40 வயது வரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை, 40க்குப் பிறகு வருடா வருடம் இப்படிக் காட்டிக்கொள்வது நல்லது.

தாய்க்கோ சகோதரிக்கோ வந்திருந்தால் கணக்கு வேறு. அவர்களுக்கு நோய் வந்த வயதிலிருந்து பத்தைக் கழித்து, அந்த வயதில் நீங்கள் தொடங்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். அம்மாவுக்கு 45 என்றால் மகளுக்கு 35. மமோகிராமா, ஸ்கானா என்பதை டொக்டர் சொல்வார்.

கட்டி இருக்கிறது. இனி?

முதலில் அடுத்த மாதவிடாய் வரை பொறுத்துப் பார்க்கலாமா என்ற கேள்வி. இளம் பெண்களுக்கு மாதவிடாய்க்கு முன் வந்து, முடிந்ததும் கரையும் தடிப்புகள் உண்டு. ஒரு மாதவிடாய் முடிந்தும் இருந்தால் போங்கள். 35க்கு மேல் என்றால் அந்தக் காத்திருப்பும் வேண்டாம். மாதவிடாய் நின்றபின் வந்த கட்டியென்றால் இந்தக் கிழமையே போங்கள்.

போவதற்கு மூன்று வழி உண்டு. பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கு நேரே போகலாம். பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை, தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலைகளில் உங்களுக்குக் கிட்டியதற்குப் போகலாம். வழமையாகக் காட்டும் குடும்ப டொக்டரிடம் போய்க் கடிதம் வாங்கிக்கொண்டும் போகலாம். என்னைக் கேட்டால் கடிதத்தோடு போவது நல்லது. என்ன பார்த்தார், எந்தப் பக்கம், எத்தனை நாளாக என்று அதில் இருந்தால் அங்கே கதை சுருங்கும்.

போய்ச் சேர வேண்டியது சத்திரசிகிச்சை நிபுணரின் கிளினிக்குக்கு. ஒப்பரேசன் செய்யப்போகிறார்கள் என்று பயப்பட வேண்டாம். மார்புக் கட்டியைப் பார்ப்பது அவர்களுடைய துறை, அவ்வளவுதான். தனியாருக்குச் சனல் பண்ணிப் போவதென்றாலும் அதே நிபுணரைத்தான் தேட வேண்டும். பலர் தெரியாமல் மகப்பேற்று நிபுணரிடம் போய், அங்கிருந்து திரும்ப அனுப்பப்பட்டு, இரண்டு கிழமையைத் தொலைக்கிறார்கள்.

கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டை, கிளினிக் கொப்பி இருந்தால் அது, பழைய ஸ்கான் ரிப்போட்டுகள், குடிக்கும் குளிசைகளின் பட்டியல். இரத்தம் உறையாமல் இருக்க அஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்றவை எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். முழு நீளச் சட்டையைவிடப் பாவாடையும் பிளவுஸும், அல்லது முன்பக்கம் திறக்கும் மேற்சட்டையும் வசதி. கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். சொல்வதில் பாதி பதற்றத்தில் மறந்துபோகும். காலையில் நேரத்துக்குப் போய் நம்பர் எடுத்துவிட்டால் நல்லது. நெடுந்தீவுப் பக்கம் இருந்து வருபவர்கள் குறிகட்டுவான் படகு நேரத்தைச் சொல்லி, ஸ்கானையும் கிளினிக்கையும் ஒரே நாளில் தர முடியுமா என்று கேட்கலாம். கேட்பதில் வெட்கமில்லை.

ஆண் டொக்டராக இருந்தால்? இதுதான் வாய்விட்டுக் கேட்கப்படாத கேள்வி. பெண் நேர்ஸ் ஒருவர் பக்கத்தில் நிற்கும்படி கேளுங்கள். அது உங்கள் உரிமை. பெண் டொக்டர் இருக்கிறாரா என்றும் கேட்கலாம். இல்லையென்றால் அதற்காகத் திரும்பி வர வேண்டாம்.

மூன்று பரிசோதனை

கட்டியை மூன்று விதமாகப் பார்ப்பார்கள்: கையால், படத்தால், ஊசியால். மூன்றும் ஒன்றையே சொன்னால்தான் முடிவு உறுதி. கையால் பார்த்து "பயமில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டால், "ஸ்கான் தேவையில்லையா டொக்டர்?" என்று பணிவாக ஒருமுறை கேளுங்கள்.

இளம் பெண்களின் மார்பு அடர்த்தியானது என்பதால் மமோகிராமில் கட்டி மறைந்துவிடும், அவர்களுக்கு அல்ட்ராசவுண்ட். வயது கூடியவர்களுக்கு மமோகிராம், தேவையென்றால் இரண்டும். மமோகிராம் என்பது எக்ஸ்ரேதான். மார்பை இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்துச் சில விநாடி அழுத்துவார்கள். நோகும், இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் எண்ணி முடிக்க முன் விட்டுவிடும். அன்றைக்கு அக்குளுக்குப் பவுடர், சென்ட் எதுவும் போட வேண்டாம். படத்தில் புள்ளியாக விழும். கதிர்வீச்சு மிகக் குறைவு.

அடுத்தது ஊசி. இங்கேதான் பலர் எழுந்து வந்துவிடுகிறார்கள். "ஊசி குத்தினா பரவும்", "கத்தி பட்டா பரவும்" என்ற பேச்சு குடாநாடு முழுவதும் உண்டு. இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கலாம்: பிந்திப் போனவர்கள், ஏற்கெனவே பரவிய நிலையில் ஊசி குத்திப் பார்க்கப்பட்டார்கள், சில மாதத்தில் இறந்தார்கள், பழி ஊசியில் விழுந்தது. ஊசிப் பரிசோதனையால் நோய் பரவி ஆள் இறப்பதில்லை. மெல்லிய ஊசியால் சில கலங்களை உறிஞ்சி எடுப்பது ஒரு வகை. மரக்கச் செய்து, சற்றுத் தடித்த ஊசியால் சின்னத் துண்டு எடுப்பது இன்னொரு வகை. இரண்டாவதில்தான் விபரம் அதிகம் கிடைக்கும். வேலை முடிந்ததும் அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். இரண்டொரு நாள் கண்டல் இருக்கும்.

துண்டின் ரிப்போட்டைத் தொலைக்கவே கூடாது. புற்றுநோய் என்றால் அதில் ஈ.ஆர், பி.ஆர், ஹெர்2 என்று மூன்று சொற்கள் வரும். முதல் இரண்டும் ஹோர்மோனுக்குக் கட்டி இணங்குகிறதா என்பதைச் சொல்கின்றன. இணங்கினால் டமொக்சிஃபன் போன்ற குளிசைகள் உதவும். மூன்றாவது வேறு ஒரு மருந்துக்கு வழிகாட்டும். மூன்றும் ரிப்போட்டில் இல்லாவிட்டால் கேளுங்கள். போட்டோ எடுத்து வீட்டில் இருவரின் போனிலும் வையுங்கள்.

எத்தனை நாளில் முடிய வேண்டும் என்பதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. முதன்முதலில் டொக்டரிடம் காட்டிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் என்ன வருத்தம் என்று முடிவு தெரிய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். போன நாளைச் சுவர்க் கலண்டரில் வட்டமிட்டு, 60 நாள் எண்ணி இன்னொரு வட்டம் போடுங்கள். ஸ்கான் திகதி அதையும் தாண்டிப் போகிறதென்றால், ஸ்கானை மட்டும் தனியாரில் எடுத்துக்கொண்டு அதே அரச கிளினிக்குக்குத் திரும்பிப் போகலாம். முழு வைத்தியத்தையும் தனியாரில் செய்ய வேண்டும் என்று காணி ஈடு வைக்கத் தேவையில்லை. நம் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம்.

இந்த 60 நாளையும் தின்பது பெரும்பாலும் ஆஸ்பத்திரி இல்லை, நாங்கள்தான். நல்லூர்த் திருவிழா முடியட்டும், பிள்ளையின் சோதனை முடியட்டும், கனடாவில் இருந்து தம்பி வரட்டும். குமர்ப்பிள்ளை இருக்கிற வீடென்றால் சம்பந்தம் பேசும் நேரத்தில் வெளியே தெரியக்கூடாது என்ற பயம் வேறு. முருகனுக்கு நேர்த்தி வைப்பதில் ஒரு குறையும் இல்லை. வைத்துவிட்டுக் கிளினிக்குக்கும் போங்கள். மூலிகைப் பத்துக் கட்டுபவர்கள், எண்ணெய் பூசுபவர்களிடம் போவதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அங்கே போனவர்கள் சிலவேளை கட்டி புண்ணாகி வருகிறார்கள்.

முடிவு வந்த பிறகு

புற்றுநோய் இல்லை என்று வந்தால், எத்தனை மாதத்தில் திரும்பக் காட்ட வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு புதிதாக ஒரு மாற்றம் தெரிந்தால் பழைய ரிப்போட் அதற்குப் பதில் இல்லை. முதலில் இருந்து காட்ட வேண்டும்.

புற்றுநோய் என்று வந்தால், தெல்லிப்பளையில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. காங்கேசன்துறை வீதி பஸ்ஸிலும் போகலாம், ரயிலில் போய்த் தெல்லிப்பளையில் இறங்கியும் போகலாம். ஒரு காலத்தில் இங்கிருந்து எல்லோரும் கொழும்புக்குப் பக்கத்தில் மகரகமவில் இருக்கும் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய் அங்கே அறை எடுத்துத் தங்க வேண்டியிருந்தது. 2011 இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை பலர் நிதிக்காக நடைபவனி நடந்து சேர்த்த காசு இந்தத் தெல்லிப்பளை வைத்தியசாலையைக் கட்ட உதவியது. இப்போது கீமோவுக்கும் கதிர்ச் சிகிச்சைக்கும் இங்கேயே வரலாம். மார்பை முழுதாக எடுக்க வேண்டுமா, கட்டியை மட்டும் எடுக்கலாமா என்பதை ஒப்பரேசனுக்கு முன் கேளுங்கள். முந்திப் போனவர்கள் பலருக்கு இரண்டாவது வழி கிடைக்கும்.

ஆண்களுக்கும் இது வரும்; மார்பகப் புற்றுநோய் வந்த நூறு பேரில் ஒருவர் அளவில் ஆண். காம்புக்குக் கீழே நோகாத கட்டி இருந்தால் அதே கிளினிக்தான்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் சகோதரங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வட்ஸ்அப்பில் வரும் முள்ளுச்சீத்தா இலைக் கஷாயத்தையும் கறுப்புப் பிராவால் கான்சர் வரும் என்ற கதையையும் அம்மாவுக்கு அனுப்ப வேண்டாம்; இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. அதற்குப் பதிலாகக் கிளினிக் நாளைக்கு முந்தின இரவு போன் எடுத்து, யார் கூடப் போகிறார்கள், எத்தனை மணிக்கு ஓட்டோ, பழைய ரிப்போட்டுகள் பையில் இருக்கிறதா என்று கேளுங்கள்.